மைதானத்தில உதைபந்தாட்ட ஆவணப்படம் போடுறது: எந்தப் படம், எந்த ஒழுங்கு, என்ன சாமான்?

கழகச்செயலாளர், வலிகாமம்

வணக்கம். எங்கட விளையாட்டுக் கழகத்தில 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பெடியள் அணி ஒண்டும், புதுசாத் தொடங்கின பெண்பிள்ளையள் அணி ஒண்டும் இருக்கு. சுற்றுப்போட்டி இல்லாத மாதத்தில நாலு சனிக்கிழமை இரவு மைதானத்தில உதைபந்தாட்ட ஆவணப்படம் போடுறதெண்டு நிர்வாகத்தில முடிவு. தாய் தகப்பன், பழைய வீரர்கள், சின்னனுகள் எல்லாம் சேர்த்து 100, 120 பேர் வருவினம்.

மெஸ்ஸி, ரொனால்டோ படம் போடச்சொல்லிப் பெடியள் நிக்கினம். அதை விட்டால் வேற என்ன இருக்கு? எது முதல், எது கடைசி? கையில இருக்கிறது ஒரு சின்ன எல்ஈடி புரொஜெக்டர் (பெட்டியில 12000 லுமென், 1080பி சப்போட் எண்டு போட்டிருக்கு), ஒரு லப்டொப், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். திரையைக் கோல் கம்பத்தில கட்டலாம் எண்டு யோசனை. தமிழ் வசனம் கீழ ஓடவேணும், இல்லாட்டி பாதிச்சனம் அரைமணித்தியாலத்தில எழும்பிப் போயிடும். விபரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

இடதுவிங்

நட்சத்திர வீரரின்ர படத்தில தொடங்காதேங்கோ. அப்படியான படங்களில பாதி, அந்த வீரரின்ர ஆக்களோ கழகமோ பக்கத்தில நிண்டு எடுப்பிச்சது. பயிற்சி, மாளிகை, பிள்ளை, கிண்ணம் எண்டு போய் முடியும். தோத்த அணியைப் பற்றின படத்திலதான் உள்வீட்டுச் சங்கதி வெளியில வரும். ஊர்க் கழகத்துக்கு அதுதான் கிட்ட.

முதல் சனிக்கிழமை: நெக்ஸ்ட் கோல் வின்ஸ், 2014. மைக் பிரெட், ஸ்டீவ் ஜேமிசன் எண்ட ரெண்டு பேர் எடுத்தது. அதே பெயரில 2023இல வந்தது நடிகர்கள் நடிச்ச கதைப்படம்; தேடேக்க அதுதான் முதல்ல வரும், ஆண்டைப் பார்த்து எடுங்கோ. பசிபிக் தீவான அமெரிக்கன் சமோவாவின்ர அணியைப் பற்றின படம். அந்த அணி 2001 ஏப்ரல் 11இல அவுஸ்திரேலியாவிட்ட 31-0 எண்டு தோத்தது. ஆர்ச்சி தொம்சன் ஒருத்தரே 13 கோல். சனம் சிரிக்கும், ஆனால் ஏன் அப்படி நடந்ததெண்டதைப் படத்துக்கு முதல் மைக்கில சொல்லிவிடுங்கோ: கடவுச்சீட்டுப் பிரச்சினையில முதல் அணி வீரர்கள் பெரும்பாலும் விளையாட முடியேல்லை, 20 வயசுக்குக் கீழ்ப்பட்ட பெடியளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை. மிஞ்சின பதின்ம வயசுப் பிள்ளையளைத்தான் இறக்கினவை. படத்தின்ர கதை பத்து வருசத்துக்குப் பிறகு. தோமஸ் ரொங்கன் எண்ட டச்சுப் பயிற்றுநர் போறார். அந்த 31 கோலையும் வாங்கின கோல் காப்பாளர் நிக்கி சலாப்பு திரும்பி வாறார். 2011 நவம்பர் 22இல டொங்காவை 2-1 எண்டு வெல்லுறதும் படத்தில வரும். பின்வரிசையில விளையாடுற ஜையா சலேலுவா திருநங்கை. உலகக்கிண்ணத் தகுதிகாண் போட்டியில விளையாடின முதல் திருநங்கை எண்டு பெயர் பெற்றவர். அதை அணியில ஒருத்தரும் பெரிசா எடுக்கிறேல்லை. கெட்ட வார்த்தை கொஞ்சம் இருக்கு. தமிழ் வசனத்தில மென்மையாப் போட்டால் சரி.

ரெண்டாவது: தி அதர் ஃபைனல், 2003, இயக்கம் ஜொஹான் கிராமர். 2002 உலகக்கிண்ணத்துக்கு நெதர்லாந்து தகுதி பெறேல்லை. அந்தக் கடுப்பில, உலகத் தரவரிசையில அடியில கிடந்த ரெண்டு நாட்டையும் மோதவிட்டுப் பாப்பம் எண்டு ஒரு டச்சுக்காரருக்கு வந்த யோசனை. பூட்டானும் கரீபியன் தீவான மொன்செராட்டும். பிரேசிலும் ஜேர்மனியும் யோக்கோகாமாவில இறுதிப்போட்டி விளையாடின அதே 2002 ஜூன் 30இல திம்புவில நடந்தது. பூட்டான் 4-0. எரிமலையால தலைநகரையே கைவிட்ட தீவில இருந்து ஒரு அணி, கடல் மட்டத்தில இருந்து 2000 மீற்றருக்கு மேல போய் மூச்சு வாங்குறதைப் பார்க்கவேணும். படம் சின்னது, ஒரு அடிபிடியும் இல்லை. சின்னப்பிள்ளையளுக்கு இதைவிட நல்லது கிடையாது.

மூன்றாவது, பெண்பிள்ளையள் அணி இருக்கிறபடியால்: கோப்பா 71, 2023. 1971இல மெக்சிக்கோவில ஆறு நாட்டுப் பெண்கள் விளையாடின போட்டி. அஸ்தெக்கா அரங்கில இறுதியாட்டத்துக்கு ஏறக்குறைய 110,000 பேர். டென்மார்க் 3-0 எண்டு மெக்சிக்கோவை வெண்டது; மூண்டும் அடிச்ச சூசன் ஒகஸ்டெசனுக்கு அப்ப 15 வயசு. ஃபிஃபா அதை அங்கீகரிக்கேல்லை, பேந்து ஐம்பது வருசம் ஒருத்தரும் கதைக்கேல்லை. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 1921இல பெண்களைத் தன்ர மைதானங்களில விளையாடவிடாமல் தடுத்த கதையும் உள்ள வருது. தெல்லிப்பழை மகாஜனாப் பெண்பிள்ளையள் விளையாடுறதைப் பார்த்து வளர்ந்த பகுதிக்கு இந்தப் படத்தை விளங்கப்படுத்தவே தேவையில்லை.

நாலாவதாத்தான் பெரிய பெயர்: டியேகோ மரடோனா, 2019, ஆசிஃப் கபாடியா. 500 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பழைய ஒளிப்பதிவில இருந்து வெட்டி எடுத்தது. கதிரையில இருந்து கதைக்கிற ஆள் ஒருத்தரையும் காட்டமாட்டார், குரல் மட்டும் வரும். 1984 ஜூலையில நாப்போலி எண்ட இத்தாலிக் கழகத்துக்கு வந்ததில இருந்து 1991இல வெளியேறினது மட்டும்தான் முக்கியமா ஓடும். கொக்கேய்ன், மாஃபியா, கைவிட்ட பிள்ளை எல்லாம் இருக்கு, 12 வயசுக்குக் கீழ உள்ளவை கடைசி மட்டும் இருக்க வேண்டாம். 130 நிமிசம் எண்டதையும் கணக்கில எடுங்கோ.

ஐந்தாவது கிழமை கிடைச்சால் தி வேர்க்கர்ஸ் கப், 2017. கட்டார் உலகக்கிண்ண மைதானங்களைக் கட்டின தொழிலாளருக்குள்ள நடந்த சுற்றுப்போட்டி. கானா, கென்யா, நேபாளம், இந்தியா எண்டு பல நாட்டு ஆக்கள், வேலையாக்களின்ர முகாமில இருந்துகொண்டு ஒரு கொம்பனி அணியா விளையாடுகினம். மத்திய கிழக்கில ஆள் இல்லாத வீடு உங்கட ஊரில எத்தினை இருக்கும்?

---

பழைய பயிற்றுநர்

மேலே தம்பி சொன்ன வரிசை குடும்பத்தோடு பார்ப்பதற்குச் சரி. ஆனால் 16 வயதுப் பெடியளுக்கு முழுப்படம் போட்டு முடித்து வீட்டுக்கு அனுப்பினால் விளையாட்டில் ஒன்றும் ஏறாது. வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிய, சனசமூக நிலைய ரீவியில் 15, 20 நிமிடத் துண்டு மட்டும் போடுங்கள்.

நடுவரிசை வீரர்களுக்கு சிடான்: எ 21ஸ்ட் செஞ்சுரி போர்ட்ரெய்ட், 2006. ரியல் மட்ரிட், வில்லாரியல் அணிகள் 2005 ஏப்ரல் 23 அன்று விளையாடிய ஒரே போட்டி. 17 கமராக்களும் பந்தை விட்டுவிட்டு, மட்ரிட்டின் நடுவரிசை வீரர் சிடானையே பார்த்துக்கொண்டிருக்கும். முழுக்கப் போட்டால் பெடியள் நித்திரை. 20 நிமிடம் எடுத்து, ஒவ்வொருவரிடமும் தாளும் பேனையும் கொடுத்து, பந்து காலுக்கு வருமுன் அவர் எத்தனை தரம் தலையைத் திருப்பிப் பார்க்கிறார் என்று கோடு போடச் சொல்லுங்கள். மற்றது, அவர் எவ்வளவு நேரம் நடக்கிறார் என்பது. எங்கட பெடியள் 90 நிமிடமும் பந்துக்குப் பின்னால் ஓடுவதுதான் உழைப்பு என்று நினைக்கிறார்கள். ரீவி ஒளிபரப்பில் பந்தில்லாத ஆளைக் காட்டமாட்டார்கள், அதனால் இந்தப் பாடத்தை வேறு இடத்தில் எடுப்பது கஷ்டம்.

மூலை உதைக்கு லே சியூ தான் லே ப்ளூ, 1998. அந்த ஆண்டு உலகக்கிண்ணத்தில் பிரான்ஸ் அணியோடு உள்ளே இருந்து ஸ்டெஃபான் மூனியே எடுத்தது. பிரேசில் நின்ற பந்துகளில் (மூலை உதை, ஃப்ரீ கிக் போன்றவை) கவனம் குறைவு என்று இறுதிப்போட்டிக்கு முன் பயிற்றுநர் எமே ஜாக்கே சொல்வதையும், பிறகு சிடான் மூலை உதைகளில் தலையால் முட்டிய இரண்டு கோல்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு கோலும் இடைவேளைக்கு முன் விழுந்தவை. பந்து காற்றில் இருக்கும்போது படத்தை நிறுத்தி, பிரேசில் காவலர்கள் பந்தைப் பார்க்கிறார்களா ஆளைப் பார்க்கிறார்களா என்று கேட்டால் போதும்.

பயிற்றுநர்கள் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டியது 1994இல் பிரித்தானிய சனல் 4இல் போன ஆன் இம்பொசிபிள் ஜொப். இங்கிலாந்துப் பயிற்றுநர் கிரஹாம் டெய்லர் மைக்கை மாட்டிக்கொண்டு 1994 உலகக்கிண்ணத் தகுதிகாண் சுற்றில் தோற்றுப்போகிறார். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதால் உள்ளே ஒருவருக்கும் எதுவும் போய்ச் சேராது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் இல்லை. தூஷணம் நிறைய, பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

அமேசனின் ஓல் ஓர் நத்திங் தொடர்களைப் பற்றியும் ஒரு சொல். மன்செஸ்டர் சிற்றியின் 2017-18 பருவம், 100 புள்ளி எடுத்த ஆண்டு. உடைமாற்றும் அறையில் பயிற்றுநர் குவார்டியோலா பலகையில் கீறுவது பெறுமதியானது. ஆனால் கழகத்தின் சம்மதத்தோடு உள்ளே போன கமரா, கழகம் வெட்கப்படும் இடத்தைக் காட்டாது. நெட்ஃபிளிக்ஸின் சண்டர்லாந்து டில் ஐ டை என்ற கழகத் தொடரில் அந்தக் கணக்குப் பிழைத்தது. பிரீமியர் லீக்கில் இருந்து இறங்கிய அணி திரும்பி ஏறுவதைப் படம் பிடிக்கப் போனார்கள். 2017-18இல் அது மூன்றாம் பிரிவுக்கே இறங்கிவிட்டது. சமையலறையில் வேலை செய்பவர், ரக்சி ஓட்டுபவர் என்று ஊர்ச்சனத்திடம் கமரா போனதால்தான் அந்தத் தொடர் நிற்கிறது. கழக நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும்.

---

வயர்க்காரன்

கோல் கம்பத்தில கட்டலாமே எண்டு எல்லா ஊரிலயும் ஒருத்தர் சொல்லுவார். வேண்டாம். குறுக்குக்கம்பம் 2.44 மீற்றர் உயரம். 4 மீற்றர் அகலத் திரைக்கு 16:9 கணக்கில 2.25 மீற்றர் உயரம் வேணும். அப்ப திரையின்ர அடி நிலத்தில இருந்து ஒரு சாண்தான் மேல. முன்வரிசைத் தலையள் வசனத்தை முழுக்க மறைக்கும். தூக்கி வைக்கிற கோல் எண்டால் காற்றில திரையோட சேர்ந்து குப்புற விழும், கீழ பிள்ளையள் இருக்கும். அடி 1.2 மீற்றருக்குக் குறையாமல் இருக்கோணும்.

காற்று சும்மா விசயமில்லை. 9 சதுர மீற்றர் துணியில மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று அடிச்சால் கிட்டத்தட்ட 60 கிலோ தள்ளும். சோளகம் எழும்பின மாதமெண்டால் துணியே வேண்டாம். சனசமூக நிலையச் சுவரையோ பள்ளிக்கூடச் சுவரையோ பளபளப்பில்லாத வெள்ளை எமல்சன் ரெண்டு கோட் அடிச்சுப் பாவியுங்கோ. துணிதான் எண்டால் ஒண்டரை இஞ்சி ஜீஐ குழாயில சட்டம் செய்து, நாலு மூலையிலயும் கயிறு இழுத்து, ஒவ்வொண்டையும் 50 கிலோ மண்மூட்டை ரெண்டில கட்டுங்கோ. துணியைச் சட்டத்தில நேர கயிறால கட்டினால் கண்ணி கிழியும். பழைய சைக்கிள் ரியூப்பை வளையமா வெட்டி, 30 சென்ரிமீற்றருக்கு ஒண்டா மாட்டுங்கோ. காற்றுக்குக் கொஞ்சம் குடுத்து வாங்கும், சுருக்கமும் விழாது. துணிக்குப் பின்னால கறுப்புத் துணி ஒண்டு தைச்சால் வெளிச்சம் பின்பக்கம் ஒழுகாது.

புரொஜெக்டர்: பெட்டியில இருக்கிற 12000 வெறும் விளம்பரம். ஆன்சி லுமென் (ஒழுங்கான முறையில அளந்த வெளிச்சம்) எண்டு போட்டிருக்கோ பாருங்கோ. அந்தச் சின்ன எல்ஈடி சாமான்களில உண்மையா வாறது சில நூறுதான். கணக்குச் சுகம்: லுமெனைத் திரையின்ர சதுர மீற்றரால பிரிக்க லக்ஸ் வரும். தியேட்டர்த் திரைக்கு ஏறக்குறைய 150 லக்ஸ். 3000 ஆன்சி லுமெனை 9 சதுர மீற்றருக்குப் பிரிச்சால் 333, தெருலைற் கொஞ்சம் பட்டாலும் தாங்கும். உங்கட கையில இருக்கிறது 300 எண்டு வைச்சால் 33 லக்ஸ். இரவு ஆட்டக் காட்சி வந்தால் பந்தே தெரியாது. அதை வைச்சுத்தான் போடோணுமெண்டால் திரையை 2 மீற்றர் அகலமாச் சுருக்குங்கோ, 133 வரும், ஆனால் 30 பேருக்குத்தான் காணும். கந்தோர் வேலைக்குப் பாவிக்கிற 3000, 3500 லுமென் புரொஜெக்டரை ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுக்கிறது புத்தி. 1080பி சப்போட் எண்டது 1080பி இல்லை. உள்ள இருக்கிற சொந்தத் தெளிவு எவ்வளவெண்டு கேளுங்கோ. 1280க்கு 720க்குக் கீழ எண்டால் தமிழ் எழுத்தின்ர புள்ளியும் சுழியும் கரைஞ்சுபோகும்.

புளூடூத் ஸ்பீக்கர் ரெண்டு விதத்தில காலை வாரும். 120 பேருக்கு வெட்டையில சத்தம் காணாது. மற்றது சத்தம் பிந்தி வரும், பந்தில கால் பட்டுப் பிறகு உதை கேக்கும். 12 இஞ்சி பொக்ஸ் ரெண்டைத் திரைக்கு ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல ஏத்தி, வயரில போங்கோ. கோயில் திருவிழாக் கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம், பேச்சுக் காதைக் கிழிக்கும். பழைய பேட்டி ஒலியில இரைச்சல் கூட: 100 ஹேட்ஸுக்குக் கீழ வெட்டி, 2 முதல் 4 கிலோஹேட்ஸ் வரை ஒரு துளி ஏத்தினால் பேச்சு விளங்கும். லப்டொப்பை புரொஜெக்டருக்குப் பக்கத்திலயே வைச்சு, எச்டிஎம்ஐ வயரை 2, 3 மீற்றரில முடியுங்கோ. மலிவு வயர் 10 மீற்றர் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். ஒலி வயரைத்தான் நீட்டோணும். சார்ஜர் செருகினதும் ஸ்பீக்கரில ம்ம்ம் எண்டு வந்தால் டிஐ பொக்ஸ் (ஒலி வயரில வாற இரைச்சலைத் தடுக்கிற சின்னப் பெட்டி) ஒண்டு இடையில போடுங்கோ.

கரண்ட்: புரொஜெக்டர் 300 வாட், லப்டொப் 90, ஒலி 500 எண்டு வைச்சால் 1 கிலோவாட்டுக்குள்ள. 2.5 கேவிஏ ஜெனரேற்றர் தாராளம். காற்று அடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா, 30 மீற்றர் தள்ளி வையுங்கோ. வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், சுருளை முழுக்க அவிழ்த்துவிடோணும். சுத்தினபடி விட்டால் சூடேறி உருகும். ட்ரிப் சுவிச் இல்லாமல் மைதானத்தில வயர் இழுக்கவே வேண்டாம், பனி விழுந்த புல்லில சனம் வெறுங்காலோட நடக்கும். லாம்ப் புரொஜெக்டருக்கு மட்டும் ஒரு யூபிஎஸ். கரண்ட் சடக்கெண்டு போனால் விசிறி நிண்டு லாம்ப் சூட்டில போயிடும்.

---

கழகச்செயலாளர், வலிகாமம்

நன்றி அண்ணையள். சுவர்தான் சரிவரும் போல, கதைச்சிட்டம். வசனத்துக்கு ஒரு தங்கச்சி வேர்டில முழுப்படமும் தமிழில அடிச்சு வைச்சிருக்கிறா. எஸ்ஆர்டி எண்ட வசனக் கோப்பாக்கி, படம் ஓட்டுற விஎல்சி மென்பொருளில போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையா வருது. சில இடத்தில பெட்டி பெட்டியா வருது. நேரமும் போகப்போகப் பிந்துது.

---

எழுத்துரு

மூண்டும் மூண்டு வருத்தம், வேற வேற மருந்து.

ஆங்கிலக் குப்பை: அவ பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சிருக்கிறா. பாமினியில கண்ணுக்குத்தான் தமிழ், உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்து. பாமினியில இருந்து யூனிகோட்டுக்கு மாத்துற கருவி இணையத்தில நிறைய இருக்கு. நேரக்குறியை விட்டிட்டு வசனத்தை மட்டும் மாத்துங்கோ. எல்லாத்தையும் சேர்த்துப் போட்டால் நேர வரியில இருக்கிற அம்புக்குறியும் காற்புள்ளியும் தமிழா மாறி, கோப்பே திறக்காது. சேமிக்கேக்க யுடிஎஃப்-8 எண்ட எழுத்துக் குறிமுறையைத் தெரிவு செய்யுங்கோ.

பெட்டி: விஎல்சி எடுக்கிற எழுத்துருவில தமிழ் இல்லை. அமைப்பில வசனப் பகுதிக்குப் போய் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லதாவைத் தெரிவு செய்யுங்கோ. கொம்பு இடம்மாறி "கெ" உடைஞ்சு வந்தால் அந்தப் பதிப்போட மல்லுக்கட்டாமல் வசனத்தைப் படத்திலயே எரிச்சுவிடுங்கோ, ஹாண்ட்பிரேக் எண்ட மென்பொருளில செய்யலாம். பிறகு எந்த லப்டொப்பில போட்டாலும் ஒரே மாதிரி வரும். அனுமதி எடுக்கேக்க இதையும் சேர்த்துக் கேளுங்கோ.

பிந்துறது: ஒரே அளவில பிந்தினால் விஎல்சியில ஜி, எச் விசையள் போதும், ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லிசெக்கன். போகப்போகக் கூடினால் ஃப்ரேம் வேகம் பிழை. வசனம் 23.976இக்கு, படம் 25இக்கு எண்டால் 90 நிமிசத்தில மூண்டேமுக்கால் நிமிசம் அளவு விலகும். சப்டைட்டில் எடிட் எண்ட மென்பொருளில ஃப்ரேம் வேகத்தை மாத்த ஒரு கட்டளை இருக்கு, கையால ஒவ்வொரு வரியாத் தள்ள வேண்டாம்.

இன்னும் ரெண்டு. மரடோனாப் படத்தில ஸ்பானிஷ், இத்தாலிப் பேச்சுக்கு ஆங்கில வசனம் ஏற்கெனவே கீழ ஓடும். தமிழை அதுக்கு மேல ஏத்தினால் ரெண்டும் வாசிக்கேலாது. தமிழைத் திரையின்ர தலைப்பக்கம் வையுங்கோ. ஏஎஸ்எஸ் எண்ட வேறொரு வகை வசனக் கோப்பில an8 எண்ட குறி அதைச் செய்யும். மற்றது நீளம். ஒரு வரிக்கு 32 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். அம்மம்மாமார் வாசிக்கோணும். சொன்னதெல்லாத்தையும் மொழிபெயர்க்காதேங்கோ: "ஐ திங்க் யூ நோ" எல்லாம் வெட்டி எறியுங்கோ. "கோல்கீப்பர்", "பெனால்டி" எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் குறையில்லை; தண்ட உதை எண்டால் பழைய ஆக்கள் சந்தோசப்படுவினம்.

---

கோப்புக்காரி

ஒருத்தரும் தொடாத விசயம். வீட்டுக்கு எடுத்த நெட்ஃபிளிக்ஸ், அமேசன் கணக்கை மைதானத்தில போட அனுமதி இல்லை, காசு வாங்காட்டிலும். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொதுவில காட்டுறதை உரிமையாளரின்ர உரிமையாத்தான் வைச்சிருக்கு. நெட்ஃபிளிக்ஸ் தன்ர சில ஆவணப்படங்களைக் கல்வி நோக்கத்துக்கு, இலவசமா, விளம்பரதாரர் இல்லாமல் ஒருமுறை காட்ட விடுகுது; அந்தப் படத்தின்ர பக்கத்தில அப்படி எழுதியிருக்கோணும். மற்றப் படங்களுக்குத் தயாரிப்பாளருக்கோ விநியோகத்தருக்கோ மின்னஞ்சல் போடுங்கோ. சின்னப் படக்காரர் ஊர்க் கழகத்துக்குக் குறைஞ்ச கட்டணத்துக்கோ சும்மாவோ தரக்கூடும். கடிதத்தில திகதி, இடம், எத்தினை பேர், நுழைவு இலவசம், எந்த மொழி வசனம், அனுசரணையாளர் இருக்கோ இல்லையோ எண்டது எல்லாம் முதல் பந்தியிலயே வரட்டும். நீளமா எழுதினால் வாசிக்கமாட்டினம். ஆறு கிழமைக்கு முதல் எழுதுங்கோ.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் வேணும், இரவு பத்துக்கு முதல் ஒலியை நிப்பாட்டப் பாருங்கோ. இருட்டி, சனம் வந்து இருக்க 7.15 ஆகும். மரடோனா 130 நிமிசம், இடைவேளை பத்து நிமிசம் விட்டாலும் 9.35. ரீயும் வடையும் விக்கிறதெண்டு அரைமணித்தியாலம் இழுத்தால் சிக்கல்.

---

இடதுவிங்

இடைவேளையை நாப்போலி 1987இல முதல் சம்பியன் பட்டம் எடுக்கிற இடத்தில விடுங்கோ. அதுக்குப் பிறகுதான் படம் இருளத் தொடங்குது, சின்னனுகளை வீட்ட கூட்டிக்கொண்டு போகிறவைக்கும் அது வசதி.